சீட்டு கிடைச்சா போதுமா? வட சென்னைல இருந்து படிச்சு மேல வர்றது பத்தி

கேள்வி இதுதான்: "ரிசர்வேஷன் இருக்கு, முதல் பட்டதாரி சலுகை இருக்கு, ஃப்ரீ பஸ் பாஸ் இருக்கு, மாசம் ஆயிரம் ரூபா வேற குடுக்குறாங்க, அப்புறமும் வட சென்னை பசங்க ஏன் படிச்சு மேல வர்றதில்ல, உழைப்பு பத்தலையா?" கேட்டவர் நிஜமாவே புரியாமத்தான் கேக்குறாருன்னு தெரியுது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க. நான் புளியந்தோப்புல பொறந்து வளந்தவ. இருபது வருஷமா காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்குறேன். ஞாயித்துக்கிழமைல வியாசர்பாடில ஒரு சின்ன ஹால்ல ப்ளஸ் டூ முடிச்ச பசங்களுக்கு அப்ளிகேஷன் போட்டுக் குடுக்குறோம், நாலஞ்சு பேர் சேந்து, பதினாலு வருஷமா நடக்குது.

மொதல்ல, வர்றதில்லன்னு சொல்றதே சரியில்ல. தமிழ்நாட்டுல 18ல இருந்து 23 வயசுக்குள்ள இருக்கவங்கள எடுத்துக்கிட்டா நூத்துக்கு 47 பேர் கணக்குல உயர்கல்வில இருக்காங்க, இது ஒன்றிய அரசோட 2021-22 சர்வே, நாடு முழுக்க பாத்தா அதே கணக்கு 28.4 தான். காலைல ஏழு மணிக்கு மின்ட் பஸ் ஸ்டாண்டுல போய் நில்லுங்க, எண்ணூர், திருவொற்றியூர், மணலி, கொடுங்கையூர்னு எல்லா பக்கத்துல இருந்தும் பஸ்ல வந்து இறங்குற புள்ளைங்களப் பாருங்க. பாரதி மகளிர் கல்லூரி, தியாகராயா காலேஜ், வியாசர்பாடி அம்பேத்கர் ஆர்ட்ஸ் காலேஜ், இங்கெல்லாம் உக்காந்து படிக்கிறதுல பெரும்பாதி பேர் அவங்க வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்ச மொதல் ஆளு. 2022 செப்டம்பர் 5ஆம் தேதி புதுமைப் பெண் திட்டத்த ஆரம்பிச்சதே அந்த பாரதி காலேஜ்லதான், அரசுப் பள்ளில ஆறாவதுல இருந்து படிச்சுட்டு வர்ற பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா. பசங்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. ஆயிரம் ரூபா பெரிய விஷயமான்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், நாப்கினுக்கும் ஜெராக்ஸுக்கும் அண்ணன்கிட்ட கை நீட்டாம இருக்க முடியுதுன்னு ஒரு பொண்ணு சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஏன்னா நான் நீட்டுனவ.

இதெல்லாம் சும்மா வந்துடல. வட சென்னையச் சேந்த நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் 1920லயே ஆயிரம் விளக்குல ஒரு மாநகராட்சி ஸ்கூல்ல மத்தியான சாப்பாடு போட ஏற்பாடு பண்ணாரு, பசியோட இருக்க புள்ளைக்கு எழுத்து ஏறாதுன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்த ஊருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. படிப்புலயும் வேலைலயும் சமூகவாரியா எடம் பிரிச்சுக் குடுத்த வகுப்புவாரி அரசாணை செல்லாதுன்னு 1951ல சுப்ரீம் கோர்ட் சொன்னப்போ இங்க நடந்த கிளர்ச்சிலதான் அரசியல் சட்டத்துக்கே மொதல் திருத்தம் வந்துச்சு. இன்னைக்கு இருக்க 69 சதவீத இடஒதுக்கீடு அந்த வழில வந்தது. 1984ல கொண்டு வந்த என்ட்ரன்ஸ் எக்ஸாம 2007ல எடுத்தாங்க, அதுக்கப்புறம் ப்ளஸ் டூ மார்க்க மட்டும் வச்சு இன்ஜினியரிங் சேந்த பசங்கள எங்க தெருவுலயே எண்ணிச் சொல்லலாம். 2017ல நீட் வந்ததும் மெடிக்கல் கதவு அரசுப் பள்ளி பசங்களுக்கு கிட்டத்தட்ட சாத்திடுச்சு, 2020ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு குடுத்ததுக்கு அப்புறம்தான் மொதல் வருஷமே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். ரெண்டும் சேத்து ஏறக்குறைய நானூறு சீட்டு அவங்களுக்குன்னு ஆச்சு. அடுத்த வருஷம் இன்ஜினியரிங்குக்கும் அதே 7.5 வந்துச்சு. அதே பசங்கதான், அதே மூளைதான், ஒரு விதி மாறுனதுக்கே இவ்ளோ வித்தியாசம்னா உழைப்பப் பத்தி பேசுறதுக்கு முன்னாடி நாம கொஞ்சம் யோசிக்கணும்.

சரி, உள்ள வந்தாச்சு. அப்புறம் ஏன் வாழ்க்கை மாறலன்னுதான் உங்க கேள்வி. இதுக்கு என் வீட்டுக் கதையச் சொன்னாதான் புரியும்.

எங்க அப்பா எட்டாவது வரைக்கும் படிச்சவரு. பின்னி மில்லுல, அதாவது பக்கிங்ஹாம் கர்னாடிக் மில்லுல, பர்மனென்ட் தொழிலாளி. மில்லு சங்கு ஊதுறத வச்சுத்தான் எங்க தெருவுல அடுப்பு பத்த வைப்பாங்க. அந்த எட்டாங்கிளாஸ் படிப்புக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., போனஸ், தீபாவளிக்கு துணி எல்லாம் இருந்துச்சு, மூணு புள்ளைங்க சாப்ட்டு படிச்சோம். அது யாரும் சும்மா தூக்கிக் குடுத்தது இல்ல, 1918ல சென்னை தொழிலாளர் சங்கம் இந்த மில்லு ஆளுங்கள வச்சுத்தான் உருவாச்சு, 1921 ஸ்ட்ரைக்ல இந்த மண்ணுல ரத்தம் சிந்தியிருக்கு. 1996ல மில்ல மொத்தமா மூடிட்டாங்க. நான் அந்த வருஷம்தான் பாரதி காலேஜ்ல பி.எஸ்சி. சேந்தேன். அப்பா அதுக்கப்புறம் ஒரு அபார்ட்மென்ட்ல வாட்ச்மேனா போனாரு.

இப்போ என்கிட்ட ஞாயித்துக்கிழமை வர்ற பசங்களோட தாத்தாங்க மில்லுலயோ ஹார்பர்லயோ பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்லயோ வேலை பாத்தவங்க. அப்பாங்க கான்ட்ராக்ட் லேபர், லோடு ஆட்டோ, பெயிண்டிங். இந்தப் பையன் பி.இ. மெக்கானிக்கல் முடிச்சுட்டு மணலி பக்கம் ஒரு கம்பெனில பதினஞ்சாயிரத்துக்கு கான்ட்ராக்ட்ல சேர்றான். டிகிரின்னு பாத்தா குடும்பம் மூணு படி ஏறியிருக்கு, வேலைன்னு பாத்தா தாத்தா நின்ன எடத்துக்கு இன்னும் வந்து சேரல. தாத்தாவுக்கு எட்டாங்கிளாஸ் வாங்கிக் குடுத்த பாதுகாப்ப பேரனுக்கு டிகிரி வாங்கிக் குடுக்கல. அப்போ எத்தன பேர் காலேஜ் சேந்தாங்கன்னு மட்டும் எண்ணிட்டு ஏற்றத்தாழ்வு கொறஞ்சுடுச்சுன்னு சொல்றது எப்படி? படிப்பு இங்க பரவுன அதே காலத்துலதான் இந்தப் பக்கத்து நிரந்தர வேலைங்க கரைஞ்சு போச்சு, இந்த ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்காம வட சென்னையப் பத்தி எது பேசினாலும் பாதிதான்.

ராஜ் செட்டின்னு ஒரு பொருளாதார அறிஞர், தமிழ்க் குடும்பத்துல பொறந்து அமெரிக்காவுல ஹார்வர்டுல இருக்காரு. அவரும் கூட இருக்கவங்களும் 2017ல அமெரிக்க காலேஜுங்கள ஒவ்வொண்ணா எடுத்து ஒரு கணக்கு போட்டாங்க. ஏழை வீட்டுப் புள்ளைங்க எத்தன சதவீதம் சேர்றாங்க, அதுல எத்தன சதவீதம் பின்னாடி நல்ல வருமானத்துக்கு வர்றாங்க, ரெண்டையும் பெருக்கினா வர்றதுதான் அந்தக் காலேஜ் எவ்ளோ பேர தூக்கி விடுதுங்கிறதுக்கு அளவு. பேர் பெத்த 38 காலேஜ்ல, அடிமட்டத்துல இருக்க 60 சதவீத குடும்பங்கள்ல இருந்து வந்தவங்கள விட உச்சில இருக்க ஒரு சதவீத குடும்பத்துப் புள்ளைங்கதான் அதிகமா இருந்தாங்க. நெறைய பேர மேல கொண்டு வந்தது லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்க ஒரு அரசு யூனிவர்சிட்டி, நியூயார்க் நகர அரசு காலேஜுங்க மாதிரி எடங்க. நம்ம ஊருக்கு அந்த மாதிரி கணக்கு போட்டா அம்பேத்கர் ஆர்ட்ஸ் காலேஜும் பாரதியும் சேர்றதுல ரொம்ப மேல நிக்கும்னு நான் அடிச்சுச் சொல்வேன். பெருக்குறதுல ரெண்டாவது எண் இருக்கு பாருங்க, அங்கதான் ஓட்டை. அந்த ஓட்டை எங்கெங்க இருக்குன்னு நான் பாத்தத சொல்றேன்.

மொதல் ஓட்டை காலேஜ் சேர்றதுக்கு முன்னாடியே இருக்கு. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல சாய்ஸ் ஃபில்லிங்னு ஒண்ணு உண்டு, எத்தன காலேஜ் வேணா வரிசையா போடலாம், அளவே கெடையாது. சில வருஷம் முன்னாடி கொடுங்கையூர்ல இருந்து ஒரு பையன், கட் ஆஃப் 168. எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே ஒரு பிரவுசிங் சென்டர்ல அம்பது ரூபா குடுத்து ஆறே ஆறு சாய்ஸ் போட்டு லாக் பண்ணிட்டான். ஆறும் பஸ் பின்னாடி விளம்பரத்துல பாத்த பேருங்க. ஒண்ணும் அலாட் ஆகல, அடுத்த ரவுண்டுல மிச்சம் இருந்ததுலதான் எடுக்க வேண்டியதாச்சு. அதே வருஷம் என்கூட வேலை பாக்குறவரோட பையன், மார்க் கிட்டத்தட்ட அதேதான், அப்பா இன்ஜினியர், சித்தப்பா இன்ஜினியர், போன வருஷம் எந்தக் காலேஜ்ல எந்த கோர்ஸ் எத்தன கட் ஆஃப்ல முடிஞ்சுதுன்னு எக்செல்ல போட்டு நூத்தி நாப்பது சாய்ஸ் வரிசைப்படுத்தி வச்சிருந்தாங்க. அவனுக்கு நல்ல காலேஜ் கிடைச்சுது. ரெண்டு பேரும் ஒரே அளவு உழைச்சு ஒரே மார்க் வாங்குனவங்க, நம்மாளுக்கு உக்கார வச்சு சொல்லிக்குடுக்க வீட்டுல ஆள் இல்ல, அவ்ளோதான். அலாட்மென்ட் வந்ததுக்கு அப்புறமும் இதே கதைதான், அக்செப்ட் அண்ட் ஜாயின்னா (கிடைச்ச சீட்டே போதும்னு சேர்றது) என்ன, அக்செப்ட் அண்ட் அப்வர்டுன்னா (அத வச்சுக்கிட்டே மேல போட்ட சாய்ஸுக்குக் காத்திருக்கிறது) என்னன்னு புரியாம ஏதோ ஒண்ண அமுக்கிட்டு, குறிச்ச நாளுக்குள்ள போய் ரிப்போர்ட் பண்ணாம, கைல வந்த சீட்ட விட்டவங்க இருக்காங்க.

சலுகையும் அப்படித்தான். கவுன்சிலிங்ல தனியார் காலேஜ் கிடைக்கிற எஸ்.சி., எஸ்.டி. புள்ளைங்களுக்கு, வீட்டு வருமானம் வருஷத்துக்கு ரெண்டரை லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணத்த அரசாங்கமே ஏத்துக்கும், 2012ல வந்த அரசாணை 92. இத எத்தன வீட்டுல தெரிஞ்சு வச்சிருக்காங்கன்னு நெனைக்கிறீங்க? ஒரு அம்மா கம்மல அடகு வச்சு ஃபீஸ் கட்டிட்டு ரசீதோட வந்து நின்னாங்க, காலேஜ்ல யாரும் அவங்ககிட்ட இப்படி ஒண்ணு இருக்குன்னு வாயத் தெறந்து சொல்லல. "இன்னா மேடம், முன்னாடியே சொல்லிக்கீற கூடாதா"ன்னு என்னைக் கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல.

ரெண்டாவது ஓட்டை மொதல் செமஸ்டர். இத நான் தினம் கண்ணால பாக்குறேன், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், திடீர்னு ஒரு ஜூன்லயோ ஜூலைலயோ எல்லாமே இங்கிலீஷ். மொதல் நாளே எந்திரிச்சு நின்னு செல்ஃப் இன்ட்ரொடக்ஷன் குடுன்னு சொல்வாங்க. அப்பா, அம்மா என்ன பண்றாங்கன்னு நூறு பேர் முன்னாடி சொல்லணும். காசிமேட்டுல மீன் விக்கிற அம்மாவோட பொண்ணு ஒருத்தி அன்னைக்கு "ஹோம் மேக்கர்"னு சொல்லிட்டு உக்காந்தா, அத சொல்லிட்டோமேன்னு அந்த மூணு வருஷமும் மனசுல வச்சுக்கிட்டே இருந்தேன்னு கடைசில என்கிட்ட சொன்னா. நான் வேலை பாத்த ஒரு காலேஜ்ல பிராக்டிக்கல் எக்ஸாம், வெளில இருந்து வந்த எக்ஸாமினர் வைவால அவகிட்டயே இங்கிலீஷ்ல கேக்குறாரு, பெர்மாங்கனேட் டைட்ரேஷன்ல ஏன் தனியா இண்டிகேட்டர் (ரியாக்ஷன் முடிஞ்சத கலர் மாறிக் காட்டுற பொருள்) போடலன்னு. அவ தலையக் குனிஞ்சு நிக்கிறா. ரெக்கார்டு பாத்தா அச்சடிச்ச மாதிரி இருக்கு, ரீடிங் மூணும் பாயிண்ட் ஒண்ணு கூட மாறல, வாய் மட்டும் வரல. அவர் மார்க்க போட்டுட்டு அடுத்த ஆளக் கூப்ட்டாரு. நான் அப்புறம் வராண்டால நிறுத்தி தமிழ்லயே சொல்லும்மான்னேன். "மிஸ், அதுக்கே கலர் இருக்குல்ல, ஃபெரஸ் எல்லாம் தீந்துட்டா அடுத்து விழுற சொட்டு ரியாக்ட் ஆக ஆளில்லாம அப்படியே ரோஸ் கலரா நின்னுடும், அதான் எண்ட் பாயிண்ட், அதுக்கு எதுக்கு மிஸ் இன்னொரு இண்டிகேட்டர்?" நான் இருபது வருஷத்துல கேட்ட நல்ல பதில்கள்ல அதுவும் ஒண்ணு. மார்க் ஷீட்ல அது இல்ல. இந்த மாதிரி ரெண்டு செமஸ்டர் போனா அரியர் விழும், அரியர் விழுந்தா நமக்கு இது வராதுன்னு புள்ளையே முடிவு பண்ணிடும், அதுக்கப்புறம் கிளாஸுக்கு வராம இருக்கறதுக்கு ஒரு சாக்கு போதும். டிராப் அவுட்னு நாம பேர் வைக்கிறது இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா நடக்குது, யாரும் ஒரே நாள்ல விட்டுட்டுப் போறதில்ல. இதுல இன்னொண்ணு, அரசு காலேஜுங்கள்ல பாடம் எடுக்குறதுல பெரிய பங்கு கௌரவ விரிவுரையாளர்கள். நல்லா எடுப்பாங்க, ஆனா அடுத்த வருஷம் இருப்போமான்னு அவங்களுக்கே தெரியாது. தடுமாறுற புள்ளைய ரெண்டு வருஷம் கூட நின்னு தூக்கி விடணும்னா வாத்தியாருக்கு மொதல்ல கால் ஊனி நிக்க எடம் வேணும்.

மூணாவது, நேரம். உழைப்பு பத்தலையான்னு கேட்டீங்கல்ல, இதப் படிங்க. என் கிளாஸ் பையன் ஒருத்தன் சனி, ஞாயிறு, முகூர்த்த நாளுன்னா நடு வாரம் கூட கேட்டரிங் போறான். சாயங்காலம் நாலு மணிக்கு மண்டபத்துக்குப் போனா டேபிள் போடறது, பரிமாறறது, எலை எடுக்கறது, எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வர ராத்திரி ஒரு மணி ரெண்டு மணி ஆகும், கைக்கு அறுநூறு எழுநூறு கிடைக்கும். திங்கக்கிழமை காலைல இன்டர்னல். வீடுன்னா ஹவுசிங் போர்டு குடியிருப்புல ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு, ஆறு பேர். டிவிய நிறுத்தச் சொல்ல முடியாது, பாட்டிக்கு அது ஒண்ணுதான் துணை. அதனால மாடிப்படில லைட் இருக்க எடத்துல உக்காந்து படிப்பான். 2024 நவம்பர்ல கொளத்தூர்ல முதல்வர் படைப்பகம் தெறந்தாங்க, ஏ.சி. ஹால், டேபிள், வைஃபை, மாடிப்படில படிக்கிற பசங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு அங்க போய் உக்காந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். புளியந்தோப்புக்கும் எண்ணூருக்கும் வார்டுக்கு ஒண்ணு வேணும் அந்த மாதிரி.

தூரமும் ஒரு செலவுதான். ஐ.ஐ.டி. அடையாறு பக்கம், அண்ணா யூனிவர்சிட்டி கிண்டி, அண்ணா நூற்றாண்டு நூலகம் கோட்டூர்புரம், டைடல் பார்க் தரமணி, ஐ.டி. கம்பெனிங்க ஓ.எம்.ஆர்., படிப்பும் வேலையும் இருக்க எடமெல்லாம் கூவம் ஆத்துக்கு அந்தப் பக்கம். விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ 2021ல வந்துச்சு, ரொம்ப சந்தோஷம், ஆனா தினம் மெட்ரோ டிக்கெட் எடுக்குற வசதி எல்லா வீட்டுலயும் இல்ல, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல மாட்டுன பஸ்லதான் பெரும்பாலான புள்ளைங்க வருதுங்க.

கடைசி ஓட்டை வேலைக்குப் போற எடத்துல. பெரிய கம்பெனிங்க பல எடத்துல பத்தாவதுல இருந்தே அறுபது சதவீதம் கேப்பாங்க, நிலுவைல அரியர் இருக்கக் கூடாதும்பாங்க. அதாவது பதினஞ்சு வயசுல அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லாம ஒரு பரிச்சைல சறுக்குன புள்ள இருபத்தோரு வயசுல அதுக்கு பதில் சொல்லணும். அதத் தாண்டி குரூப் டிஸ்கஷன், ஹெச்.ஆர். ரவுண்டு. எங்க பையன் ஒருத்தன் டெக்னிக்கல் ரவுண்டு எல்லாம் முடிச்சுட்டு ஹெச்.ஆர்.ல அட்ரஸ் கேட்டு வியாசர்பாடின்னு சொன்னதும் "அங்க ரவுடிங்க ஜாஸ்தியாமே"ன்னு எதிர்ல இருந்தவர் சிரிச்சுக்கிட்டே கேட்டாராம். வேலை கிடைக்காததுக்கு அதுதான் காரணமான்னு நிரூபிக்க முடியாது. ஆனா அவன் அதுக்கப்புறம் ரெஸ்யூம்ல பெரம்பூர்னு மாத்திக்கிட்டான். சொந்த ஊர் பேர மறைச்சாத்தான் வேலைங்கிற நெலமைக்கு ஒரு இருபத்திரெண்டு வயசுப் பையன் வந்துட்டான்னா அது அவன் தப்பா?

மேல வந்தவங்களும் இங்க தங்குறதில்ல, நல்ல சம்பளம் வந்ததும் முகப்பேர், பெரும்பாக்கம், ஓ.எம்.ஆர்.னு போயிடுறாங்க, நானே கொளத்தூர் போனவதான். அதனால அடுத்து வர்ற புள்ளைக்கு பக்கத்து வீட்டுல கேக்க ஒரு டிகிரி முடிச்ச அக்கா இல்லாம போயிடுது. ஞாயித்துக்கிழமை நான் திரும்ப வர்றதுக்கு இதுதான் காரணம்.

உங்களுக்குத் தெரிஞ்ச வீட்டுல யாராவது இந்த வருஷம் ப்ளஸ் டூ எழுதியிருந்தா ஒண்ணு பண்ணுங்க. ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம இப்போவே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் மூணையும் இ-சேவைல போடச் சொல்லுங்க, கடைசி நேரத்துல தாலுகா ஆபீஸ்ல மாட்டிக்கிட்டுத்தான் பல பேருக்கு தேதி போயிடுது. ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளிதான்னா ஸ்கூல்ல அதுக்கு ஒரு சான்று வாங்கி வைக்கணும், 7.5க்கு அது வேணும். ஆர்ட்ஸ் காலேஜுக்கு அப்ளிகேஷன் தனி, இன்ஜினியரிங்குக்கு தனி, ரெண்டையும் போடணும். சாய்ஸ் லாக் பண்றதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க ஒருத்தர்கிட்டயாவது காட்டணும், அம்பதுக்கு கீழ போட்டிருந்தா இன்னும் போடச் சொல்லுங்க. யாரும் கிடைக்கலன்னா மே, ஜூன், ஜூலை மூணு மாசமும் ஞாயிறு காலைல பத்து மணில இருந்து அந்த வியாசர்பாடி ஹால்ல நாங்க உக்காந்திருப்போம், மார்க் ஷீட்டோட ரேஷன் கார்டு ஜெராக்ஸும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க.